முரசுகட்டிலும் பணிநீக்க ஆணையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியம் காட்டும் வாழ்வியல் அறம் பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று அமைப்பாளர்கள் எனக்கு உரிமை தந்தார்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள், பணியிடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்க்கு இழைக்கப்படும் கொடுமையும், காரணம் கூறாமல் அவரை வெளியேற்றும் முறைகேடும் ஆகும். இது தொழிற்சங்க மேடைக்கு உரிய பொருள் அல்லவா என்று சிலர் எண்ணக்கூடும். இந்த அவையில் அமர்ந்திருப்போரை ஒருமுறை பார்க்கிறேன். ஆசிரியர்கள் இருக்கிறீர்கள்; வங்கியிலும் அஞ்சலகத்திலும் மின்வாரியத்திலும் பணிபுரிவோர் இருக்கிறீர்கள். திங்களில் ஒரு மாலை கவிஞர்களாக இருக்கும் நாம், மற்ற நாள்களில் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறோம். நம்மில் பெரும்பாலோர் அங்கே இன்று மூத்தவர்கள். புதிதாக ஒருவர் வந்து சேரும்போது, அவருக்கு நாற்காலி காட்டும் இடத்தில் இருப்பவர்கள். ஆகவே இப்பொருள் நம்முடையதே என்று கருதுகிறேன்.

முரசுகட்டிலில் ஒரு புதியவர்

புறநானூற்றின் ஐம்பதாவது பாடலை அறியாதவர் இவ்வவையில் இலர். மோசிகீரனார் என்னும் புலவர் சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனைக்கு வருகிறார். முரசை நீராட்டுவதற்காக எடுத்துச் சென்றிருக்கிறார்கள். அது வைக்கப்படும் கட்டில் மலர் பரப்பி மென்மையாகக் கிடக்கிறது. வழிநடந்த களைப்பில் புலவர் அதன்மேல் படுத்து உறங்கிவிடுகிறார். அது வெறுங்கட்டில் அன்று; வழிபாட்டுக்குரியது. அதில் ஏறியவரை வாளால் இரு கூறாக்கும் உரிமை அரசனுக்கு உண்டு. அரசன் வருகிறான், பார்க்கிறான், வாளை எடுக்கவில்லை. விசிறியை எடுத்து வீசுகிறான்.

இப்பாடலை நாம் வழக்கமாகப் புலவர்க்குக் கிடைத்த மதிப்பு என்ற அளவில் பாடம் சொல்லி முடிக்கிறோம். வேறொரு நோக்கிலும் இதனைப் பார்க்கலாம். மோசிகீரனார் அந்த அரண்மனைக்குப் புதியவர். எந்தக் கட்டில் யாருக்குரியது என்பது அவருக்குத் தெரியாது. அறியாமையால் விதியை மீறினார். மீறலும் உண்மை, விதியும் உண்மை, தண்டிக்கும் அதிகாரமும் உண்மை. இம்மூன்றும் இருந்தும், வந்தவர் புதியவர் என்பதை அரசன் முதலில் கண்டான். தமிழை முற்றும் அறிந்தவன் நீ என்பதற்கு இந்த ஒரு செயலே போதுமே என்று புலவர் வியக்கிறார். மொழியறிவு என்பது அதிகாரத்தை அடக்கி ஆளும் பண்பாகக் கனிய வேண்டும் என்பது அவர் கருத்துப் போலும். தமிழைத் தொழிலாகக் கொண்ட என் போன்றோர் இவ்விடத்தில் சற்றே நின்று எண்ண வேண்டியிருக்கிறது.

திருக்குறளில் தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரமும் தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரமும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. ஆராய்ந்து ஒருவரைத் தேர்தல் முதலில். அவரிடம் வினையை ஒப்படைத்தல் அடுத்து. ஆராயாது நம்புவதையும், ஆராய்ந்து நம்பியபின் ஐயம் கொள்வதையும் வள்ளுவர் ஒருசேரக் கடிகிறார். இன்றைய பணியிடத்தில் இவ்வொழுங்கு தலைகீழாகிவிட்டது. நேர்முகத் தேர்வைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். பின்னர் ஓராண்டோ ஈராண்டோ ஐயுறுகிறார்கள். அந்தக் காலத்திற்குத் தகுதிகாண் பருவம் என்று ஆட்சித் தமிழில் அழகான பெயர் உண்டு. பெயர் சொல்வதுபோல் தகுதியைக் காண்பதற்காக அக்காலம் பயன்படுமாயின் அதில் குறை காண ஒன்றுமில்லை. பல இடங்களில் அது பணிவைக் காணும் பருவமாக இருக்கிறது.

சூழ்ந்து கொத்துதல்

பகலில் வழிதவறி வந்த ஆந்தையைக் காக்கைகள் சூழ்ந்துகொண்டு கொத்துவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். பறவைகள் இவ்வாறு ஒன்றுசேர்ந்து ஒன்றை விரட்டும் செயலுக்கு விலங்கின நடத்தையை ஆராய்ந்த மேலைநாட்டார் ‘மாபிங்’ என்று பெயரிட்டனர். 1980களில், ஸ்வீடனில் பணியாற்றிய உளவியலறிஞர் ஹைன்ஸ் லைமன் அச்சொல்லை அலுவலகத்திற்கு எடுத்துவந்தார். பணியிடத்தில் பலர் கூடி ஒருவரைத் தொடர்ந்து நோகடிப்பதை அவர் நோயாளிகளின் வாய்மொழி கொண்டு ஆராய்ந்தார். வாரம் ஒருமுறையேனும், ஆறு மாத காலமேனும் தொடர்ந்தால் அதனை மாபிங் எனலாம் என்று வரையறுத்தார். அதற்குரிய செயல்களாக 45ஐ எடுத்துக்காட்டி ஐந்து வகையாகப் பிரித்தார்.

அந்த வகைகளைப் படிக்கும்போது அடியும் உதையும் கடைசியில்தான் வருகின்றன. பேசவிடாமை, பேசாமை, ஒதுக்கி வைத்தல், பெயரைக் கெடுத்தல், வேலை தராமலோ பொருளற்ற வேலை தந்தோ இழிவுபடுத்துதல் என்பனவே முன்னிற்கின்றன. தனித்தனியே எடுத்துச் சொன்னால் ‘இதுவும் ஒரு குறையா’ என்று கேட்கத் தோன்றும் செயல்கள் இவை. கொடுமையின் வலிமையே அதில்தான் இருக்கிறது. ஒரு துளியைக் காட்டி நனைந்தேன் என்றால் யார் நம்புவார்? அதே துளி ஆறு மாதம் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருப்பதை, நனைபவர் மட்டுமே அறிவார்.

ஸ்வீடன் 1993இல் இதற்கென்று தனி விதி வகுத்தது. பிரான்சு 2002இல் இதனைச் சட்டக் குற்றமாக்கியது. பணியிட வன்முறையையும் துன்புறுத்தலையும் எதிர்த்துப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019இல் உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியது. நம் நாட்டில், 1997ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பின் வழியாகவும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவும் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்புக் கிடைத்துள்ளது. சாதி கூறி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இவ்விரண்டிலும் அடங்காமல், ஒருவரை அன்றாடம் சிறுமைப்படுத்தி வெளியேற்றும் செயலுக்குப் பெயர் சொல்லித் தடைவிதிக்கும் தனிச்சட்டம் நம்மிடம் இல்லை.

ஒரு மாணவியின் பத்துத் திங்கள்

நான் அறிந்த ஒரு நிகழ்வைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லூரியின் பெயரும் ஊரும் வேண்டா. என்னிடம் முதுகலை பயின்று, பின் முனைவர் பட்டமும் பெற்ற ஒரு பெண், ஒரு தனியார் சுயநிதிக் கல்லூரியில் ஜூன் திங்களில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார். முதல்நாளே மூலச் சான்றிதழ்கள் அனைத்தையும் அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். துறை அறையில் அவருக்கு நாற்காலி இல்லை. யார் வகுப்புக்குச் சென்றிருக்கிறாரோ அவர் இருக்கையில் அமர்ந்து, அவர் திரும்பி வந்ததும் எழுந்து நிற்க வேண்டும். எந்த ஊர் என்று கேட்டார்கள். சொன்னதும், அந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள். அக்கேள்வியின் பொருள் என்ன என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பணி ஒழுங்காகவே நடந்தது. அரையாண்டில், துறையின் உள்மதிப்பீட்டு மதிப்பெண் பட்டியலில் வகுப்புக்கே வராத இருவருக்கு வருகை போடச் சொன்னார்கள். வராதவர்க்கு எப்படிப் போடுவது என்று அவர் கேட்டார். மறுக்கவில்லை, கேட்டார், அவ்வளவே. அதற்குப்பின் அவருக்கு முதல் பாடவேளையும் கடைசிப் பாடவேளையும் மட்டுமே வந்தன. துறைக்கூட்டத்தின் நேரம் அவருக்கு மட்டும் தெரிவிக்கப்படவில்லை. வராததற்குக் குறிப்பாணை வந்தது. நான்கு நிமிடம் தாமதமாக வந்ததற்கு ஒரு குறிப்பாணை. வகுப்பில் உரக்கச் சிரித்ததற்கு ஒன்று. அவர் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். மாணவர் சிலரிடம் வெள்ளைத்தாளில் கையொப்பம் வாங்கினார்கள் என்பது பின்னர்த் தெரிந்தது.

மார்ச்சு இறுதியில் ஒற்றை வரியில் கடிதம் வந்தது. தங்கள் சேவை இனித் தேவைப்படவில்லை என்பதே அவ்வரி. காரணம் கேட்டபோது, பொருந்தவில்லை என்றார்கள். எதற்குப் பொருந்தவில்லை, யாருக்குப் பொருந்தவில்லை என்பதற்கு விடை இல்லை. சான்றிதழ்களைத் திரும்பப் பெற ஒரு திங்கள் ஊதியத்தைக் கட்ட வேண்டும் என்றார்கள். கடன் வாங்கிக் கட்டினார்.

அந்தத் துறையில் மூத்தவர் மூவர் இருந்தனர். நடந்தவை அனைத்தும் மூவருக்கும் தெரியும். வேலை போன அன்று இரவு மூவரும் தனித்தனியே அவரைத் தொலைபேசியில் அழைத்து, உன்மீது தவறு ஏதும் இல்லையம்மா என்று சொன்னார்கள். அதைப் பகலில், கல்லூரிக்குள், ஒருவரும் சொல்லவில்லை. மூவரில் ஒருவர் கவிஞர். மனிதநேயம் பற்றி நல்ல தொகுப்பு ஒன்றை வெளியிட்டவர். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் கடனும் குடும்பமும் உண்டு. அடுத்த ஒற்றை வரிக் கடிதம் தனக்கு வரலாம் என்ற அச்சமும் உண்டு. ஆயினும் கவிதைக்கும் அந்தப் பகலுக்கும் இடையிலிருந்த தொலைவை மறக்க இயலவில்லை.

அந்தப் பெண் இன்று வேறோர் ஊரில் பணி செய்கிறார். எந்த அறைக்குள் நுழைந்தாலும், எந்த நாற்காலியில் அமரலாம் என்று கேட்டுவிட்டுத்தான் இன்னும் அமர்கிறார்.

இருபத்திரண்டு நிமிடம்

‘பொருந்தவில்லை’ என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டா? உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு ஒன்று இருக்கிறது. இந்தியக் காவல் பணிக்குத் தேர்வு பெற்ற அனூப் ஜெய்ஸ்வால் என்னும் இளைஞர் ஐதராபாத்திலுள்ள தேசியக் காவல் கழகத்தில் பயிற்சியில் இருந்தார். 1981 ஜூன் 22 அன்று விடியற்காலையில் மழை. பயிற்சிக்கு வரவேண்டிய இளைஞர்கள் ஏறத்தாழ 22 நிமிடம் தாமதமாக வந்து சேர்ந்தனர். அனைவரிடமும் விளக்கம் கேட்கப்பட்டது. இவர்தாம் மற்றவர்களைத் தூண்டியவர் என்று மேலதிகாரி கருதினார். விசாரணை ஏதுமின்றி அவ்வாண்டு நவம்பரில் இவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஆணையில் தாமதம் பற்றியோ தூண்டுதல் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. தகுதிகாண் பருவத்தினர் ஒருவர் விடுவிக்கப்படுகிறார் என்ற அளவில் அது தூய வெள்ளைத்தாளாக இருந்தது.

1984 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. ஆணையின் சொற்கள் குற்றமற்றவையாக இருப்பது போதாது. அச்சொற்களுக்குப் பின்னால் உண்மையில் ஒரு குற்றச்சாட்டு நின்று, அதுவே வெளியேற்றத்திற்கு அடிப்படையாகுமானால், விசாரித்து, விளக்கம் கேட்ட பின்னரே வெளியேற்ற முடியும் என்று தீர்ப்புக் கூறியது. திரையை விலக்கிப் பார்க்கும் கடமை நீதிமன்றத்திற்கு உண்டு என்றது. அவர் மீண்டும் பணியில் சேர்ந்தார். தமிழ்நாட்டுக் காவல்துறையில் பணியாற்றி டி.ஜி.பி. நிலைவரை உயர்ந்தார். அந்த மழைநாளின் 22 நிமிடத்தைக் கொண்டு ஒரு வாழ்நாள் பணியை அளந்துவிட முயன்றார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

சொற்களோடு வாழும் நமக்கு இத்தீர்ப்பு உவப்பானது. சொல் ஒன்று, பொருள் வேறு என்று கண்டு உரைப்பதே நம் தொழில். ஆட்சித் தமிழில் பணிநீக்கம், பணியறவு, பணிவிடுவிப்பு என்று வேறு வேறு சொற்கள் வழங்குகின்றன. விடுவிப்பு என்பது சிறையிலிருந்து வருவோர்க்கும் கடனிலிருந்து மீள்வோர்க்கும் வழங்கும் இனிய சொல். அதே சொல்லைச் சோற்றைப் பறிக்கும் தாளிலும் எழுதுகிறோம். அந்தத் தாளை வாங்குபவர் எதிலிருந்து விடுபட்டார் என்று நாம் கேட்க வேண்டாவா?

ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. அனூப் ஜெய்ஸ்வால் அரசுப் பணியில் இருந்தார். அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு அவருக்குக் காவலாக இருந்தது. தனியார் நிறுவனத்தில் சேர்ந்த என் மாணவிக்கு அந்தக் காவல் இல்லை.

புகழ்ச்சி பறித்த வேலி

தனியார் துறையில் வேலை இழந்தவர்க்கு நெடுங்காலம் துணைநின்றது 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம். ஓராண்டுக்குள் 240 நாள் பணியாற்றிய தொழிலாளியை முன்னறிவிப்பும் இழப்பீடும் இன்றி ஆள்குறைப்புச் செய்யலாகாது என்று அது விதித்தது. அதனாலேயே 240ஐ எட்டுமுன் கணக்கை முடித்து, சில நாள் கழித்துப் புதிய ஆளாகச் சேர்த்துக்கொள்ளும் தந்திரம் பெருகியது. 24 திங்களில் 480 நாள் பணியாற்றியவர்க்கு நிலையான பணியாளர் என்ற தகுதி தர வேண்டும் என்று தமிழ்நாடு 1981இல் தனிச்சட்டம் இயற்றியது. அங்கும் நாள்களை எண்ணுவோர் எண்ணிக்கொண்டே இருந்தனர்.

அச்சட்டத்தின் வரலாற்றில் ஒரு செய்தி நம் பொருளுக்கு மிகவும் வேண்டியது. தொடக்கத்தில், தனி ஒருவரின் பணிநீக்கம் தொழில் தகராறாகக் கருதப்படவில்லை. சங்கமோ உடன் பணிபுரிவோரில் கணிசமானவரோ அதைத் தம் வழக்காக ஏற்று நின்றால்தான் அது தகராறாகும். 1965இல் 2அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்ட பிறகே தனியொருவரின் பணிநீக்கம் தானாகவே தகராறாயிற்று. உடனிருப்போர் வாய்திறக்க மாட்டார்கள் என்பதைச் சட்டமே உணர்ந்துகொண்டது எனலாம்.

ஆசிரியர்க்கு இச்சட்டத்தின் நிழல் கிடைக்கவில்லை. கோவாவில் பள்ளி ஒன்றில் பணியாற்றிய ஆசிரியை ஒருவர் 1975இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று 1988இல் முடிவுற்றது. பள்ளி ஒரு தொழிலகமே; ஆயினும் ஆசிரியர் தொழிலாளர் அல்லர் என்பது தீர்ப்பு. கற்பித்தல் என்பது தொண்டின் தன்மையது, உயர்ந்த பணி. உடலுழைப்பு, எழுத்தர் பணி, தொழில்நுட்பப் பணி என்ற வகைகளுள் அதனை அடக்க முடியாது என்று நீதிமன்றம் கருதியது. நேர்மையற்ற நிருவாகங்கள் ஆசிரியரைச் சுரண்டுவதை அதே தீர்ப்பு வருத்தத்தோடு ஒப்புக்கொண்டு, அவர்கள் நீதி பெறத் தக்க அமைப்பு வேண்டும் என்றும் கூறியது. பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்தவர் பெற்றது தம் தொழிலைப் பற்றிய புகழுரையே.

நாமும் அதைத்தான் செய்கிறோம். ஆசிரியப்பணி அறப்பணி என்று ஆசிரியர் நாள்தோறும் மேடையில் பாடுகிறோம். அந்தப் பாட்டைக் கேட்டுக் கைதட்டுகிற நிருவாகி, மறுநாள் அதே பாட்டைச் சொல்லி ஊதியத்தைக் குறைக்கிறார். தொண்டு செய்ய வந்தவர் கணக்குப் பார்க்கலாமா என்கிறார். ஒரு தொழிலைத் தெய்வமாக்கினால், அதைச் செய்பவருக்குப் பசி உண்டு என்பது மறந்துபோகும். கவிஞர்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகிறேன்.

தமிழ்நாட்டில் 1976ஆம் ஆண்டுத் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், உரிய அலுவலரின் முன் ஒப்புதல் இன்றி ஆசிரியரைப் பணிநீக்கம் செய்வதைத் தடுத்தது. அதன் பயன் உதவிபெறும் கல்லூரிகளில் நிலையான பணியில் இருந்தோர்க்கே பெரிதும் கிட்டியது. 1980களின் நடுவிலிருந்து பெருகிய சுயநிதி நிறுவனங்களில் ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தோர்க்கு அது ஏட்டளவில் நின்றுவிட்டது. 2025 நவம்பர் 21 முதல், 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. தொழிலாளர் என்பதன் வரையறையில் இதழாளர்களையும் விற்பனை மேம்பாட்டு ஊழியர்களையும் பெயர்சொல்லிச் சேர்த்த அச்சட்டம், ஆசிரியரைப் பெயர்சொல்லிச் சேர்க்கவில்லை.

மாணவர்க்கு உள்ளது ஆசிரியர்க்கு இல்லை

1996 நவம்பரில், முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவர் ஒருவரால் கொலையுண்ட செய்தி தமிழகத்தை உலுக்கியது. அதன் விளைவாக 1997இல் பகடிவதையைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. 2009இல் பல்கலைக்கழக மானியக்குழு நாடெங்கும் பொருந்தும் விதிகளை வகுத்தது. இன்று எந்தக் கல்லூரியின் வாயிலிலும் பகடிவதை தண்டனைக்குரிய குற்றம் என்னும் பலகையைக் காணலாம். புதிதாக வந்தவர் தனித்தவர், வழி அறியாதவர், அஞ்சுபவர். ஆகவே பாதுகாப்புக்குரியவர் என்ற உண்மையை அந்தப் பலகை ஏற்றுக்கொள்கிறது.

அதே வாயிலில், அதே ஜூன் திங்களில் புதிதாக ஓர் ஆசிரியரும் நுழைகிறார். அவரும் தனித்தவர்தாம், வழி அறியாதவர்தாம். மாணவரை எழுந்து நில் என்று மூத்த மாணவர் மிரட்டினால் அது பகடிவதை. ஆசிரியரை நாற்காலியின்றி ஓராண்டு நிறுத்தினால் அது நிருவாகம். மாணவர்க்கு விதி வகுத்த கல்லூரிகள், அதே விதியின் உள்ளுணர்வைத் தம் ஊழியர்க்கும் விரிக்கத் தடை ஏதும் இல்லை. செய்வதற்குப் புதிய சட்டமும் வேண்டியதில்லை. புகார் கேட்க மூவர் கொண்ட குழுவும், எழுத்தில் காரணம் தரும் வழக்கமும் போதும்.

நாம் செய்யக்கூடுவன

கொடுமை செய்பவர் ஒருவரோ இருவரோதாம். அது ஆறு மாதம் நீடிப்பதற்கு மற்றவர்களின் மௌனம் வேண்டும். ஆந்தையைக் கொத்தாமல் சுவரில் அமர்ந்திருக்கும் காக்கையும் ஆந்தையின் கண்ணுக்குக் கூட்டத்தில் ஒன்றே. இதை நான் பிறரைச் சுட்டிச் சொல்லவில்லை. மூத்தவர் என்ற நிலையில் நாம் ஒவ்வொருவரும் நாளை நிற்கப்போகும் இடத்தைச் சொல்கிறேன். எல்லோராலும் நிருவாகத்தை எதிர்த்து நிற்க இயலாது. அதை நான் கேட்கவும் இல்லை. அச்சத்தோடு வாழ்பவராலும் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, புதியவர்க்கு இருக்கையைக் காட்டுவதும் வழக்கத்தைச் சொல்லித் தருவதும். எந்தக் கட்டில் முரசுக்குரியது என்று முன்னரே யாராவது சொல்லியிருந்தால் மோசிகீரனார் வேறிடத்தில் உறங்கியிருப்பார். கூட்டம் எத்தனை மணிக்கு என்பதை அவர் காதில் போட்டுவைக்க வீரம் வேண்டியதில்லை.

இரண்டாவது, எழுதி வைக்கச் சொல்வது. நாள், நேரம், சொன்னவர், சொன்ன சொல், உடனிருந்தவர் ஆகியவற்றை அன்றன்றே குறித்து வைத்தால்தான் துளித்துளியான கொடுமை பின்னாளில் வழக்காகும். வாய்மொழி ஆணைக்கு, தாங்கள் கூறியவாறு செய்கிறேன் என்று பணிவாக ஒரு கடிதம் எழுதிப் படியெடுத்து வைத்துக்கொள்ளலாம். குறிப்பாணைக்கு உரிய நாளுக்குள் மறுமொழி தர வேண்டும், தராவிட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும். வெற்றுத்தாளிலும், தாமே விலகுவதாக எழுதிய தாளிலும் கையொப்பமிடக் கூடாது. மூலச் சான்றிதழைக் கேட்டால் படியைத் தந்து, மூலத்தைக் காட்டிவிட்டுத் திரும்பப் பெற வேண்டும். கொடுத்தே தீர வேண்டுமெனில் ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். இவற்றை அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லவில்லை. மொழியறிந்த நாம் ஒருவருக்கு ஒரு மறுமொழிக் கடிதத்தைத் திருத்தித் தருவது, ஒரு கவிதையைத் திருத்தித் தருவதற்குச் சற்றும் குறைந்த பணியன்று.

மூன்றாவது, காரணம் கேட்பது. ஒருவர் வெளியேற்றப்பட்ட மறுநாள், ஏன் என்று ஒரே ஒரு மூத்தவர் எழுத்தில் கேட்டால், அடுத்த கடிதத்தை எழுதுமுன் நிருவாகம் சற்றே எண்ணும். இரவில் தொலைபேசியில் சொன்னதைப் பகலில் ஒரு வரியாகச் சொல்வதே அது.

நான்காவது கவிஞர்களுக்கு உரியது. வேலை கிடைக்காத இளைஞனை எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நம் கவிதையும் திரைப்படமும் நெஞ்சுருகப் பாடின. வேலை கிடைத்தபின் அவனுக்கும் அவளுக்கும் முதலாண்டில் நேர்வது அந்த அளவிற்குப் பாடப்படவில்லை. அங்கே கண்ணீரும் முழக்கமும் குறைவு. ஒரு நாற்காலி இல்லாமை, நின்றுபோகும் பேச்சு, ஒற்றை வரிக் கடிதம் என்று மிகச் சிறிய பொருள்களே உள்ளன. சிறிய பொருளைக் கண்டு சொல்லும் ஆற்றல் நம் அகப்பாடல் மரபுக்கு உண்டு. பெயரில்லாத துன்பத்திற்குப் பெயர் கொடுத்தால், அதை அனுபவிப்பவர் தம்மையே குற்றவாளியாக எண்ணுவதை நிறுத்துவார். என் மாணவி பத்துத் திங்களும் தம்மிடம்தான் ஏதோ குறை என்று நம்பினார். லைமனின் பட்டியலைத் தமிழில் சொல்லக் கேட்ட அன்றுதான், இதற்கு ஒரு பெயர் இருக்கிறதா அம்மா என்று கேட்டார்.

நண்பர்களே, வாளும் விசிறியும் இரண்டும் அரசனின் கைக்கெட்டும் தொலைவில்தான் இருந்தன. நம் மேசைகளிலும் அவ்வாறே குறிப்பாணைத் தாளும் இருக்கிறது, வந்தவரை அமரச் சொல்லும் ஒரு சொல்லும் இருக்கிறது. இவ்விலக்கிய வட்டம் தொடங்கிய நாளில் இங்கே புதியவராக வந்து கடைசி வரிசையில் அமர்ந்தவரை முன்வரிசைக்கு அழைத்து முதல் கவிதையைப் படிக்கச் சொன்னீர்கள் என்று மலர்க்குழுவினர் சொல்லக் கேட்டேன். அந்தப் பண்பை நாளைக் காலை நம் அலுவலகங்களுக்கும் எடுத்துச் செல்வோம்.